பார்பெல் தூக்கும்போது கீழ்முதுகு வலிக்கிறதா? வலி வரும் கணத்தைப் பிடியுங்கள்

பார்பெல் பயிற்சியில் கீழ்முதுகு வலிக்கான காரணத்தைத் தேடும்போது, வலி தலைகாட்டும் கணம்தான் மிகப்பெரிய துப்பு. பார் தரையை விட்டுக் கிளம்பும்போதா, முழங்காலைத் தாண்டும்போதா, மேலே நிமிர்ந்து நிற்கும்போதா, கீழே இறக்கும்போதா, மறுநாள் காலையிலா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, திருத்தமும் வேறு. "முதுகை நேராக வை" என்ற ஒரே அறிவுரையை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொடுப்பதால்தான் பலருக்கு வலி மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

முதலில்: பாரைத் தொடவே கூடாத அறிகுறிகள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேர வலுவிழப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காத்திருந்து பார்க்கும் விஷயமல்ல இது.

வலி முழங்காலுக்குக் கீழே மின்னல் போல இறங்குவது, பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான். பதின்வயதினருக்குப் பின்னால் வளையும்போது மட்டும் வலித்து, அது சில வாரங்களாகியும் போகவில்லை என்றால், முதுகெலும்பின் பின்வளையத்தில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். அதையும் நுட்பத் திருத்தத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

மறுபக்கம், முதுகெலும்பின் இரு பக்கமும் சமமாக, மந்தமாக வலித்து, பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவது சாதாரணத் தசைவலி. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரு புள்ளியில் குத்துவது, ஒரே பக்கம் பிடிப்பது, தூக்கும் அந்த நொடியிலேயே சுரீரென்று வருவது ஆகியவைதான் இந்த வழிமுறையின் விஷயம்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டிய இரண்டு

ஒன்று, காணொளி. கைப்பேசியை உங்கள் இடுப்பு மூட்டு உயரத்தில், உடலுக்குச் சரியாகப் பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். தரையில் வைத்து மேல்நோக்கிப் படம்பிடித்தால் முதுகின் வளைவு தவறாகத் தெரியும். ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். உடலைச் சூடேற்றும் வார்ம்-அப் செட்டைப் படம்பிடிப்பதில் பயனில்லை. எடை கூடிய செட்டின் கடைசி இரண்டு ரெப்கள்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டு, வயிற்றழுத்தம். கட்டைவிரலைப் பின்பக்கமாகவும் மற்ற விரல்களை முன்பக்கமாகவும் வைத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள மென்மையான இடத்தைப் பிடியுங்கள். இப்போது மூச்சை இழுங்கள். வயிறு முன்னும் பக்கமும் பின்னும் ஒரே நேரத்தில் விரல்களைத் தள்ள வேண்டும். நெஞ்சு மட்டும் உயர்ந்து விரல்கள் அசையாமல் இருந்தால், விலாக்கூடு மேலே தூக்கிக்கொண்டு கீழ்முதுகு உள்நோக்கி வளைந்துவிட்டது என்று பொருள். காற்று இறங்கிய டயர் சுமை ஏறியதும் சப்பிப்போகும். அழுத்தமில்லாத வயிறும் அப்படித்தான், சுமை முழுவதும் முதுகெலும்பின் மேல் வந்து உட்காரும்.

நுரையீரல் நிறைய இழுக்க வேண்டாம், முக்கால் பங்கு போதும். இழுத்த காற்றை அடக்கி, யாரோ வயிற்றில் குத்த வருவதாக எண்ணிச் சுற்றிலும் இறுக்குங்கள். ரெப்பின் கடினமான பகுதி முடியும்வரை விடக் கூடாது. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சடக்கித் தூக்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டெட்லிஃப்ட்: பார் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் வலி

தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்பதுதான் டெட்லிஃப்ட். மிக அதிகமாக வரும் புகார் இது. பத்தில் எட்டுப் பேருக்கு என்று எண்ணிக்கை சொல்ல முடியாவிட்டாலும், முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்பதில் சந்தேகமே இல்லை: பாருக்கும் பாதத்துக்கும் உள்ள தொலைவு.

பார் 5 செ.மீ. முன்னே தள்ளி இருந்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ எடையில் அந்த 5 செ.மீ., கீழ்முதுகு மூட்டின்மேல் ஏறக்குறைய 49 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைக் கூட்டுகிறது. முதுகை நிமிர்த்தும் தசைகள் அந்த மூட்டின் மையத்திலிருந்து 5 அல்லது 6 செ.மீ. பின்னால்தான் இழுக்கின்றன. அதாவது அவை கூடுதலாக 80 முதல் 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தாக வேண்டும். பாரில் கூடுதலாக ஒரு பிளேட்கூட (எடைத்தட்டு) ஏற்றாமல் இவ்வளவு சுமை கூடிவிடுகிறது.

நிற்கும் முறையை இப்படி அடுக்குங்கள்:

1. பாதங்கள் இடுப்பு மூட்டின் அகலத்தில். பார் நடுப்பாதத்துக்கு நேர் மேலே. நடுப்பாதம் என்பது குதிகாலின் பின்விளிம்பிலிருந்து விரல் நுனிவரை அளந்த நடு. கணுக்காலுக்கு முன்னால் கண்ணில் படும் பகுதியின் நடுவை எடுத்துக்கொண்டால் பார் முன்னே போய்விடும். நிமிர்ந்து நிற்கும்போது பாருக்கும் கணைக்கால் எலும்புக்கும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி இருக்கும்.
2. இடுப்பைக் கீழே இறக்காமல் குனிந்து பாரைப் பிடியுங்கள். கைகள் கால்களுக்குச் சற்று வெளியே.
3. கணைக்கால் பாரைத் தொடும்வரை மட்டும் முழங்காலை மடக்குங்கள். பார் ஒரு துளிகூட உருளக் கூடாது.
4. இடுப்பை இருந்த உயரத்திலேயே விட்டு, நெஞ்சை உயர்த்துங்கள். மூச்சை இழுத்து இறுக்குங்கள்.
5. பாரை மெதுவாக மேலே இழுங்கள், ஆனால் தூக்காதீர்கள். பார் பிளேட்டின் துளைக்குள் முட்டி "டக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தத் தளர்ச்சி எடுபட்ட பிறகே தரையைக் காலால் தள்ள வேண்டும்.

ஐந்தாவது படியைத் தவிர்ப்பவர்கள்தான் வெடுக்கென்று இழுப்பவர்கள். தளர்ந்த பாரை வேகமாக இழுத்தால், அது திடீரென்று முட்டும் நொடியில் இறுகியிருந்த முதுகு குலைந்து வளையும். வலி அந்த நொடியில்தான் வரும்.

இன்னொரு பிழை, இடுப்பை ஸ்குவாட் (தோளில் பாரைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) போல மிகக் கீழே இறக்கித் தொடங்குவது. காணொளியில் பார் அசைவதற்கு முன் இடுப்பு மட்டும் மேலே எகிறுகிறதா என்று பாருங்கள். எகிறினால், அது போய் நிற்கும் உயரம்தான் உங்கள் உடலுக்கான உண்மையான தொடக்க நிலை. அங்கிருந்தே தொடங்குங்கள்.

பிளேட்டின் அளவையும் கவனிக்க வேண்டும். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; எனவே பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறிய 10 கிலோ இரும்புப் பிளேட்டுகளை மாட்டினால் பார் இன்னும் கீழே போகும், அதைப் பிடிக்கப் போகும்போதே முதுகு மடங்கும். பிளேட்டுக்கு அடியில் பாய்விரிப்போ மரக்கட்டையோ வைத்து 22.5 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கால் நீளமாகவும் கை குட்டையாகவும் உள்ளவர்கள் அதற்கு மேலும் 5 முதல் 10 செ.மீ. உயர்த்தித் தூக்குவதில் எந்தக் குறையும் இல்லை. தரையிலிருந்து தூக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போட்டியாளர்களுக்கு மட்டும்தான்.

மெத்தென்ற ஓட்டக் காலணியையும் கழற்றிவிடுங்கள். அதன் உயர்ந்த குதிகால் உடலை முன்னே சாய்க்கும், நுரை அடிப்பாகம் சுமையில் ஆடும். தட்டையான கெட்டி அடிப்பாகம் உள்ள காலணியோ வெறும் காலோ நல்லது.

டெட்லிஃப்ட்: முழங்கால் அருகே பார் விலகிப்போய் வலி

கிளம்பும்போது சரியாக இருந்து, கணைக்காலின் பாதி உயரத்தில் பார் உடலை விட்டு முன்னே ஊசலாடினால், அக்குளுக்குக் கீழே முதுகின் இரு பக்கமும் விரியும் லாட் தசைகள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தூக்குவதற்கு முன் பாரைக் கணைக்காலுக்குள் இழுத்து அழுத்துவது போல் அக்குளை இறுக்குங்கள். பார் தொடையை உரசிக்கொண்டே ஏற வேண்டும். இந்த இறுக்கம் பழக, 20 கிலோ வெறும் பாரை எடுத்து முழங்காலுக்கு மேலிருந்து கீழ்வரை மூன்று நொடியில் இறக்கி ஏற்றும் ருமேனியன் டெட்லிஃப்டை, தொடையோடு ஒட்டியபடி, 8 ரெப் வீதம் இரண்டு செட் செய்யுங்கள்.

டெட்லிஃப்ட்: மேலே நிமிர்ந்ததும் வலி

இது பெரும்பாலும் அளவுக்கு மீறி நிமிர்வதால் வருவது. தூக்கி முடித்தேன் என்று காட்ட இடுப்பை முன்னே தள்ளித் தோளைப் பின்னே சாய்ப்பார்கள். கீழ்முதுகின் பின்பக்கச் சிறு மூட்டுகள் ஒன்றோடொன்று நெரிபடும். புட்டத் தசையை இறுக்கியதும் இடுப்பு மூட்டும் முழங்காலும் நேரானால் போதும். காது, தோள், இடுப்பு, கணுக்கால் ஒரே கோட்டில் வந்ததும் தூக்குதல் முடிந்தது.

முதல் இரண்டு ரெப் வலியில்லை, நான்காவதில் வலிக்கிறது

நுட்பம் தெரியும், அது தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு வகையில் இது நடக்கும். முதலாவது, பாரைத் தரையில் மோதி எகிறவைத்து அடுத்த ரெப்புக்குப் போவது. மூச்சு புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு ரெப்புக்கும் பாரைத் தரையில் முழுமையாக நிறுத்தி, மூச்சை விட்டு மறுபடி இழுத்து இறுக்கி, தளர்ச்சியை எடுத்துத் தூக்குங்கள். ஒரு ரெப்புக்கு இரண்டு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, செட்டை எப்போது நிறுத்துவது என்று தெரியாமை. முதுகின் வடிவம் முதல் ரெப்பில் இருந்ததிலிருந்து மாறத் தொடங்கும் ரெப்தான் கடைசி ரெப். முதுகு மரப்பலகை போல நேராக இருக்க வேண்டியதில்லை. பார்வைக்கு நேராகத் தெரியும் முதுகிலும் கனத்த சுமையில் கொஞ்சம் வளைவு இருக்கும், அதைத் தாங்க உடல் பழகியிருக்கும். சுமை ஏறிய பிறகு வடிவம் நகர்வதுதான் கவலைப்பட வேண்டியது. இன்னும் இரண்டு ரெப் தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்தும் பழக்கம் இந்த வலியைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பாரை இறக்கும்போது வலி

முழங்காலை முதலில் மடக்குகிறீர்கள். பார் முழங்காலைச் சுற்றி முன்னே வளைந்து போக வேண்டியிருக்கிறது. முதலில் இடுப்பைப் பின்னே தள்ளி, பார் முழங்காலைக் கடந்த பிறகே முழங்காலை மடக்குங்கள். பிடியைத் தளர்த்துவதும் மூச்சை விடுவதும் பிளேட் தரையைத் தொட்ட பிறகு.

ஒரு பக்கம் மட்டும் வலி

முதலில் எளிதானதைப் பாருங்கள்: இருபக்கமும் ஒரே எடைதானா, பாரின் சொரசொரப்புக் கோடுகளிலிருந்து இரு கைகளும் ஒரே தொலைவில் உள்ளனவா, இரு பாதங்களின் நுனியும் ஒரே கோட்டில் உள்ளனவா. ஒரு உள்ளங்கை முன்னும் ஒன்று பின்னும் பார்க்கும் கலப்புப் பிடியை எப்போதும் ஒரே பக்கமாகப் பிடிப்பவர்களின் உடல் லேசாகத் திருகும். செட்டுக்குச் செட் மாற்றுங்கள், அல்லது கைப்பட்டை கட்டி இரண்டு கைகளையும் ஒரே மாதிரி பிடியுங்கள். ஸ்குவாட்டில் ஒரு பக்க வலி என்றால் பின்னாலிருந்து படம்பிடியுங்கள். எழும்போது இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்குவது தெரியும். பழைய கணுக்கால் சுளுக்கு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

ஸ்குவாட்: அடியில் உட்காரும்போது வலி

அடிமட்டத்தில் இடுப்பெலும்பு உள்நோக்கிச் சுருண்டு கீழ்முதுகு வட்டமாவது காரணமாக இருக்கலாம். கொஞ்சம் சுருள்வது எல்லோருக்கும் உண்டு, அது தானாகவே கெடுதல் இல்லை. வலியோடு வந்தால், எதனால் சுருள்கிறது என்று பிரித்தறிய வேண்டும்.

கணுக்காலைச் சோதியுங்கள். சுவரிலிருந்து பெருவிரல் 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி ஒரு காலை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம். குதிகாலுக்கு அடியில் சுமார் 2 செ.மீ. தடிமனுள்ள கெட்டியான ஆப்போ மெல்லிய பிளேட்டோ வைத்து ஸ்குவாட் செய்து பாருங்கள். சுருளல் உடனே குறைந்தால் காரணம் அதுதான். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் காலணி அதற்கான நிரந்தர வழி.

கணுக்கால் தேறிவிட்டால், இடுப்பு மூட்டின் அமைப்பைப் பாருங்கள். மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, பின்பக்கத்தைக் குதிகாலை நோக்கித் தள்ளுங்கள். ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கீழ்முதுகு எந்த இடத்தில் வட்டமாகத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால்களை நெருக்கியும் அகற்றியும் மாற்றிச் செய்யும்போது, எந்த அகலத்தில் முதுகு அதிக நேரம் நேராக இருக்கிறதோ அதுவே உங்கள் ஸ்குவாட் அகலம். பாதத்தை 15 முதல் 30 பாகை வெளியே திருப்பி, முழங்காலும் அதே திசையில் போகட்டும்.

இதெல்லாம் கூடிவரும்வரை ஆழத்தைக் குறையுங்கள். சுருளல் தொடங்கும் இடத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே பெட்டி வைத்து, அதைத் தொட்டதும் எழுங்கள். பெட்டியில் தொப்பென்று உட்காராதீர்கள்.

ஸ்குவாட்: எழும்போது இடுப்பு முந்திக்கொண்டு, முதுகால் தூக்குவது போல் வலி

தொடைக்கு எடை கூடிப்போனதும் உடல் தானாகவே வேலையை முதுகிடம் ஒப்படைக்கிறது. "நெஞ்சைத் தூக்கு" என்று கத்துவதால் இது தீராது. எடையை 10 முதல் 15 சதவீதம் குறைத்து, அடியில் இரண்டு நொடி நிறுத்தி எழும் ஸ்குவாட்டை நான்கு வாரம் செய்யுங்கள். பார் மேல்முதுகில் உருளாமல் இருக்க முழங்கையை உடலை ஒட்டிக் கீழே இழுத்து வையுங்கள். முன்தோளில் பார் வைக்கும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டும் நல்ல திருத்தம், ஏனென்றால் முதுகு சாய்ந்தால் பார் விழுந்துவிடும், ஏமாற்ற முடியாது.

ஸ்குவாட்: பாரை ரேக்கிலிருந்து எடுக்கும்போதோ திருப்பி வைக்கும்போதோ வலி

ரேக் என்னும் பார் தாங்கியின் கொக்கி உயரம் தவறு. நுனிக்காலில் நின்று பாரை எடுப்பவரின் முதுகு பின்னால் வளைந்தபடி முழு எடையையும் தாங்குகிறது. பார் நெஞ்சின் நடுவுக்கும் தோளுக்கும் இடையே, முழங்காலை லேசாக மடக்கி எடுக்கும் உயரத்தில் இருக்கட்டும். இரு பாதங்களும் பாருக்கு நேர்கீழே; ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து எடுக்கக் கூடாது. எடுத்ததும் பின்னே இரண்டு காலடி, சரிசெய்ய ஒரு காலடி. அதற்கு மேல் நடப்பதெல்லாம் சுமையோடு வீணாக நடப்பது.

ஓவர்ஹெட் பிரஸ்ஸிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் வலி

தலைக்கு மேலே தள்ளும்போது பின்னால் சாய்ந்து, சாய்ந்த பெஞ்சில் படுத்துத் தள்ளுவது போல நின்றபடியே தள்ளுவதுதான் வழக்கமான பிழை. புட்டத்தை இறுக்கி, விலாவைக் கீழே இழுத்து, பார் நெற்றியைத் தாண்டியதும் தலையைக் கைகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். அதன்பின்னும் சாய்ந்தால், சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலை 10 செ.மீ. முன்னே வைத்து, கைகளை மேலே தூக்கிப் பாருங்கள். கை சுவரைத் தொடுமுன் கீழ்முதுகு சுவரை விட்டு விலகினால் தோளிலோ மேல்முதுகிலோ இறுக்கம். அது தளரும்வரை ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு ஒரு கை டம்பெல் பிரஸ் செய்யுங்கள்.

பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் கீழ்முதுகு வலித்தால் பாதங்களைப் பின்னே அதிகமாக இழுத்து வைத்திருப்பீர்கள், அல்லது கால் தரைக்கு எட்டவில்லை. காலுக்கு அடியில் பிளேட் போடுங்கள்.

தூக்கும்போது ஒன்றுமில்லை, வார இறுதியில் முதுகு கனத்துக் கிடக்கிறது

நுட்பத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் பாருங்கள். டெட்லிஃப்ட், குனிந்த ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது), ருமேனியன் டெட்லிஃப்ட், ஸ்குவாட் என நான்கும் ஒரே தசைக் கூட்டத்திடமே கடன் வாங்குகின்றன. குனிந்து நிற்கும் செட்டுகளை வாரத்துக்கு எத்தனை என்று எண்ணி, மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ரோவை, நெஞ்சைச் சாய்வுப் பெஞ்சில் ஊன்றிச் செய்யும் வகைக்கு மாற்றினாலே பாதிச் சுமை இறங்கும். எடை கூட்டுவதில் ஒருமுறைக்கு 2.5 கிலோ என்ற அளவைத் தாண்டாதீர்கள்.

எழுந்தவுடன் பயிற்சிக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் குனிவது அவற்றுக்குக் கடினம். எழுந்து குறைந்தது ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு குனிந்து தூக்குங்கள். தரையில் கிடக்கும் 20 கிலோ பிளேட்டை அலட்சியமாக உடலைத் திருகியபடி எடுத்து மாட்டுவதையும் நிறுத்துங்கள். செட்டில் காட்டிய கவனம் பிளேட்டை எடுக்கும்போதும் வேண்டும்.

பெல்ட் கட்டியும் வலிக்கிறது

பெல்ட் முதுகைப் பிடித்துக்கொள்வதில்லை. வயிறு அழுத்துவதற்கு ஒரு சுவரைத் தருகிறது. வயிற்றை உள்ளிழுத்து இறுக்கக் கட்டிக்கொண்டால் பயனே இல்லை. ஒரு விரல் நுழையும் தளர்வில் கட்டி, சுற்றிலும் வயிற்றால் பெல்ட்டைத் தள்ளுங்கள். 10 செ.மீ. அகலப் பெல்ட் விலாவில் குத்தினால் சற்றுக் கீழே இறக்குங்கள், அல்லது குறைந்த அகலமுள்ளதை வாங்குங்கள். கனமான செட்டுகளுக்கு மட்டும் கட்டுவது போதும்.

முதுகு பிடித்துவிட்டது, இனி பயிற்சிக்கு எப்படித் திரும்புவது

நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சிறு சிறு நடையாக, நாளுக்குப் பலமுறை நடங்கள். சட்டை மாட்டுவதும் குனிவதும் எளிதானதும், பாரைக் கட்டைகள்மேல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்து, வழக்கமான எடையில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். 100 கிலோ தூக்குபவர் 40 கிலோ. 8 ரெப், 3 செட், இறக்க மூன்று நொடி.

பத்துக்கு மூன்று அளவுக்கு மேல் வலிக்கவில்லை, மறுநாளுக்குள் அதுவும் அடங்கிவிட்டது என்றால் அடுத்த பயிற்சியில் 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். அடங்கவில்லை என்றால் எடையை அப்படியே வைத்து, கட்டையை உயர்த்துங்கள். பழைய எடையில் 70 சதவீதம் வந்தபின் கட்டையை 5 செ.மீ. வீதம் இறக்கித் தரைக்கு வாருங்கள். எடையையும் உயரத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வலி திரும்பினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் அதே ரெப்பில் அதே இடத்தில் வலி வந்துகொண்டிருந்தால், பளுதூக்கும் பயிற்சியை அறிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். போகும்போது பக்கவாட்டுக் காணொளியையும், எந்த எடையில் எந்தக் கணத்தில் வலித்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.